ஆட்டுக் காது

ஆட்டுக் காதின் ருசி எனக்குப் பிடிக்காது. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் ரப்பர்தான். விருந்தில் வெந்த ஆட்டுத் தலை பெரியவர் முன்னால் வரும்; அவர் காதை அறுத்து இருப்பதிலேயே சின்னவருக்குக் கொடுப்பார், சொன்னதைக் கேட்டு நடக்கட்டும் என்று. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். பால்பல் விழாத பிள்ளைக்குக் கொடுக்கலாம். எனக்கு அன்று இருபத்தெட்டு வயது, கையில் முனைவர் பட்டம்.

கொடுத்தவர் என் பேராசிரியர் தோக்தோசுன். பிஷ்கெக்கில் வாத்தியாரை 'அகாய்' என்போம். விருந்து என் பூச்சுக்காக. செம்பு கலந்த பூச்சு அது. மேற்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத முட்கள். வயிற்றுப்போக்கு வைரஸ் அதில் உட்கார்ந்தால் மேலுறை கிழிந்து செத்துவிடும். உலையின் முன்னால் வெந்தது நான். கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. என் பெயர் கடைசியில், அவர் மருமகனுக்கும் பின்னால்.

"தின்னு மகளே, இன்னும் நல்லாக் காது கேட்கும்" என்றார்.

"ஆடு மேய்ச்சவர் பொண்ணு அகாய். காதெல்லாம் அவளுக்குப் புதுசா?" என்றான் மருமகன்.

மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். தின்றேன்.

அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவ்வளவு சின்னப் புத்தி எனக்கில்லை. கோளாறு சோதனையில் இருந்தது. குழந்தைகள் மருத்துவமனையில் இரண்டு தளங்கள். இரண்டிலும் எல்லாக் கட்டில் கம்பிகளுக்கும் பூச்சு பூசச் சொன்னார் அகாய். அப்புறம் எதோடு ஒப்பிடுவது என்று கேட்டேன்.

"பாதிப் பிள்ளைங்களை வெறும் கம்பியில விட மனசு வரலம்மா."

மனசாம். அதை அளக்க எங்கள் ஆய்வகத்தில் கருவி கிடையாது. ஒப்பிட ஆளில்லாத சோதனை சோதனையே அல்ல என்பது முதலாமாண்டு மாணவிக்குக்கூடத் தெரியும். இவருக்கு அது தெரியாது, ஆனால் தலை மட்டும் இவர் முன்னால் வரும்.

ஆகவே மேல்தளத்துக்கு என் பூச்சைப் பூசினேன். கீழ்த்தளத்துக்கு, யாருக்கும் சொல்லாமல், அதே நிறத்தில் கடையில் வாங்கிய வார்னிஷ்.

குளோரின் பட்டால் பூச்சு உரியும். அதனால் கம்பியைத் துடைக்கவே கூடாது என்று இரண்டு தளத்துச் செவிலியருக்கும் அகாய் சொல்லியிருந்தார். மார்ச்சில் கீழே வயிற்றுப்போக்கு தொடங்கியது. செவிலி ஷைர்குல் என்னைப் படியில் மறித்தாள்.

"தங்கச்சி, எனக்கு என்னமோ சரியாப் படல. ஒரே ஒரு தடவை குளோரின் போட்டுத் துடைச்சிடட்டா?"

"வேணாம்க்கா. பூச்சு கெட்டுடும்."

"படிச்சவ சொல்றே. எனக்கென்ன தெரியும், சரி."

பெர்மெத் என்று ஒரு குழந்தை. பல் முளைக்கிற வயது. எழுந்து நின்று கம்பியைக் கடித்தபடி என்னைப் பார்த்துச் சிரிக்கும். அந்தக் கம்பியில் பஞ்சால் ஒற்றியெடுத்து ஆய்வகத்தில் பார்த்தேன். வைரஸ் உயிரோடுதான் இருந்தது. எதிர்பார்த்ததுதான். குறித்துக்கொண்டு கிளம்பினேன்.

கீழே ஐந்து பிள்ளைகள் இறந்தார்கள். பெர்மெத் மூன்றாவது. மேலே ஒரு பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. இவ்வளவு சுத்தமான முடிவு இந்தத் துறையில் யாருக்கு வாய்த்திருக்கிறது, சொல்லுங்கள்.

அகாய்க்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. பூச்சு கைவிட்டுவிட்டது, நம்பித் துடைக்காமல் விட்டோமே என்று மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாகச் சொன்னார். என் பூச்சு தோற்றதாம். அதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதனால்தான் யாரும் தேடி வருமுன் நானே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

கீழ்த்தளத்துக் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், வார்னிஷ்தான் வரும். அந்தப் பிள்ளைகள் என் பூச்சால் சாகவில்லை. அது இல்லாமல் செத்தார்கள். இதைவிட நிரூபணம் என்ன வேண்டும்.

என் பெயர் உல்ஜான். மேலே, முதல் வரியில் எழுதுங்கள். அதற்கு முன்னால் வேறு யார் பெயரும் வரக்கூடாது.