கொக்கி

— பாருங்க ஐயா, இது உங்க பொண்ணு இல்ல.

— பெத்தவன் நான் சொல்றேன், என் பொண்ணுதான். ஒரு பெட்டியில போட்டுக் குடுங்க. இன்னைக்கே எரிச்சுட்டு, நாலு பேருக்குச் சொல்லிட்டு, குளிச்சுட்டு வேலையைப் பார்க்கிறோம்.

— அப்பா, டாக்டர் சொல்றதையும் கொஞ்சம்...

— நீ சும்மா இரு. பெட்டியைத் தூக்கத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன், பேச இல்ல.

— உங்க பொண்ணு வீட்டைவிட்டுப் போனப்ப என்ன வயசு?

— இருபத்தொண்ணு. ஒரு லாரி டிரைவரோட. மூணு வருஷம் ஆச்சு. கல்லுக்குழியில தண்ணி வத்தி எலும்பு கிடைச்சுதுன்னு கேள்விப்பட்டதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

— இருபத்தொரு வயசுல கழுத்துப்பட்டை எலும்போட நுனி ஒட்டியிருக்காது. இதுல ஒட்டி, ஒட்டின கோடே தெரியாமப் போயிருக்கு. முழங்காலைப் பாருங்க. எலும்பும் எலும்பும் உரசாம இருக்க நடுவுல வழவழன்னு ஒரு மெத்தை இருக்கும். அது தேஞ்சுபோய், எலும்பே உரசிப் பளபளன்னு ஆகியிருக்கு. வருஷக்கணக்கா தரையில உட்கார்ந்து வேலை செஞ்ச உடம்பு. ஐம்பதை ஒட்டின பொம்பளை.

— எலும்புக்கு வயசு சொல்ல நீங்க என்ன ஜோசியரா?

— வேலையே அதுதான்.

— அப்ப ஐம்பதை இருபத்தொண்ணாக்குங்க. பொண்ணு ஓடிப்போயிட்டாள்னா என் முன்னாடி ஒருத்தன் எழுந்து நிக்கமாட்டான். செத்துப்போயிட்டாள்னா நாலு பேர் வந்து கையைப் பிடிப்பாங்க. எங்க வம்சத்துல எவனுக்கும் முதுகெலும்பு வளைஞ்சதில்ல, டாக்டரம்மா. இவதான் வளைச்சா.

— வளையாத முதுகெலும்பை நாங்க நோய்னு சொல்லுவோம். குனியத்தான் அதை இத்தனை துண்டா வெச்சிருக்கு.

— நல்லாப் பேசறீங்க. உங்க வீட்டுல பொண்ணு இருக்கா?

— இருக்கா.

— அவ ஓடட்டும். அப்புறம் பேசுவோம்.

— சரி ஐயா, சண்டை வேண்டாம். பொண்ணோட அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. தண்ணியில ஊறின எலும்புக்கு அம்மா ரத்தத்தை ஒப்பிட்டாத்தான் சுலபமாத் தெரியும்; எடுத்துப் பார்த்துடலாம். அவங்க பொண்ணுதான்னு தெரிஞ்சா நானே பெட்டியில வெச்சுத் தரேன்.

— அவ வரமாட்டா.

— ஏன்?

— அந்தக் கொக்கி அடுத்த மாசமே மகளைத் தேடிப் போயிட்டா. தாயும் மகளும் ஒரே குட்டையில ஊறின மட்டை. இப்ப மகளோடதான் இருக்கா.

— மகளோடயா?

— ஆமா.

— மக இந்த மேசைமேல கிடக்கான்னு இப்பதானே சொன்னீங்க?

— அப்பா?

— நாக்கு புரண்டுடுச்சு. வயசாச்சு. அதைப் பிடிச்சுத் தொங்காதீங்க.

— அம்மா தங்கச்சிகிட்ட இருக்கான்னு சொல்லித்தானே என்னைத் தேட விடல? ஒரு தடவைகூட போன் வரலையேன்னு கேட்டப்ப என்ன சொன்னீங்க, அவளுக்கு நீ செத்தவன்னு சொன்னீங்க.

— வீட்டுல பேசிக்கலாம். டாக்டரம்மா, எலும்பைத் தரீங்களா இல்லையா?

— இங்க வாங்க தம்பி, பயப்படாதீங்க. இது முன்கை எலும்பு. உடைஞ்சு கோணலா ஒட்டியிருக்கு. கீழ விழுந்தா பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான் உடையும். இப்படி நடுவுல உடையறது, அடி விழறப்ப முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினா.

— வீட்டுக்கு வீடு வாசப்படி. கைதானே, ஒட்டிக்கிச்சுல்ல?

— ஒட்டிக்கிச்சு. எலும்புக்கு அந்த நல்ல குணம் உண்டு. மூட்டுக்குக் கிடையாது. இந்த வலது சுண்டுவிரலைப் பாருங்க. நடு மூட்டே இல்ல. எப்பவோ நசுங்கி, வைத்தியம் பார்க்காம விட்டு, ரெண்டு எலும்பும் ஒண்ணாச் சேர்ந்து மடங்கினபடியே நின்னுடுச்சு. சாகிறவரைக்கும் இந்த விரலை நீட்டியிருக்க முடியாது.

— கிளம்புடா. இது நம்ம பொண்ணு இல்ல. டாக்டரம்மா சொன்னதுதான் சரி, எவளோ ஊர்பேர் தெரியாதவ. எனக்கு ஒண்ணும் வேண்டாம்.

— கதவிடுக்குல நசுங்கினது, டாக்டர்.

— டேய்.

— உங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?

— கதவைச் சாத்தினது இவர்தான். அன்னையிலிருந்துதான் எங்க அம்மாவைக் கொக்கின்னு கூப்பிடுறார்.