சமையல் பாத்திரம் என்று எழுதி அனுப்பிய பெட்டி

என் பெயர் ஞானம். வயது நாற்பத்திரண்டு. சொந்த ஊர் நாசரேத். இப்போது டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில், ஹில்கிராஃப்ட் சாலைக்குப் பின்புறமுள்ள அபார்ட்மென்டில் கணவர் கிருபைராஜுடனும் மகளுடனும் குடியிருக்கிறேன். அதே சாலையில் எங்களுக்கு மளிகைக் கடை இருக்கிறது. கடையின் ஒரு மூலையில் பார்சல் கவுன்டர் வைத்து, ஒரு பார்சல் கம்பெனிக்கு ஏஜென்டாகவும் இருக்கிறோம். எனக்கு ஆங்கிலம் பேச வரும். ஆனாலும் விசாரணை அதிகாரியிடம் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் சொல்ல விரும்பியதால், திரு. சந்தானம் மொழிபெயர்ப்பாளராக உடன் இருக்கிறார்.

இறந்துபோன எலிசாவைச் சிறு பிள்ளையிலிருந்தே எனக்குத் தெரியும். அவள் தகப்பனார் சுந்தர்சிங் எண்ணெய்க் கம்பெனியில் ஜியாலஜிஸ்ட். எங்கள் தமிழ் ஜெபக் கூட்டத்தின் தலைவரும் அவரே. எலிசாவுக்குப் போன வருடம், அதாவது 1986-இல், ஊரிலிருந்து செல்வின் என்பவரை மாப்பிள்ளையாக வரவழைத்துக் கட்டிவைத்தார். அதன் பிறகு அவர்கள் நியூஜெர்சியில் குடியிருந்தார்கள்.

கடந்த செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, சுந்தர்சிங் கடைக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, எலிசாவுக்கு பிரஷர் குக்கர் அனுப்ப வேண்டும் என்றார். பெட்டியை நான் தூக்கியபோது உள்ளே ஏதோ ஒன்று சரிந்து ஒரு பக்கமாகப் போய் இடித்தது. குக்கர் அப்படிச் சரியாது. "என்ன அங்கிள் இருக்கு?" என்று கேட்டதற்கு, தன்னுடைய கைத்துப்பாக்கி என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதன் பிறகு நான் அவர் முன்னாலேயே கம்பெனிக்கு போன் செய்து விசாரித்தேன். வேறு மாநிலத்தில் இருக்கும் தனி ஆளுக்கு, பெற்ற மகளாகவே இருந்தாலும், துப்பாக்கியை நேராக அனுப்பக் கூடாது என்றும், அங்குள்ள லைசென்ஸ் பெற்ற டீலருக்கு மட்டுமே அனுப்பலாம் என்றும், பெட்டியில் இருப்பது துப்பாக்கி என்று எங்களுக்கு எழுதித் தர வேண்டும் என்றும், நியூஜெர்சியில் எலிசா போலீஸ் பர்மிட் வாங்கி வந்தால்தான் டீலர் அதை அவள் கையில் கொடுப்பார் என்றும் சொன்னார்கள். தபாலில் அனுப்பலாமா என்று சுந்தர்சிங் கேட்கச் சொன்னார். கைத்துப்பாக்கியைத் தபாலில் போட அவருக்கு உரிமையே இல்லை என்று பதில் வந்தது.

அதற்கு அவர், "பர்மிட்டுக்கு அப்ளை பண்ணினா மாசக்கணக்கில இழுக்கும். மாப்பிள்ளைக்கும் தெரிஞ்சுடும்" என்றார்.

மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் என்ன என்று கேட்டேன். அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எலிசா ஈஸ்டருக்கு வந்தபோது வெயிலில்கூட முழுக்கைச் சட்டை போட்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. "டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வந்துடுங்க அங்கிள்" என்றேன்.

"கட்டிக் குடுத்த பொண்ணு வீட்டுல வந்து உக்காந்தா, நான் சபையில எழும்பி நின்னு எப்படிம்மா ஜெபம் பண்றது?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் நான் மகளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்த நேரத்தில், அவர் மீண்டும் வந்து பெட்டியை என் கணவரிடம் கொடுத்திருக்கிறார். என் கணவர் 'சமையல் பாத்திரம்' என்று எழுதி அனுப்பிவிட்டார். சாப்பாட்டின்போது அவரே அதைச் சொன்னார். "அங்கிள் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல முடியுமா? நமக்கு இங்க வேற யார் இருக்கா?" என்றார்.

அதன் பிறகு, புதன்கிழமை காலையில் எலிசா வேலை பார்க்கும் பேங்குக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "ஆன்ட்டி, நான் டாடிகிட்ட டிக்கெட்தான் கேட்டேன். கன் யார் கேட்டா?" என்றாள். செல்வினுக்கு வேலை போய்விட்டது, பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார், பெல் அடித்தால் அவர்தான் கதவைத் திறப்பார் என்றும் சொன்னாள். அன்றே புறப்பட்டு என் வீட்டுக்கு வரச் சொன்னேன். சனிக்கிழமை அவர் ஒரு நண்பர் வீட்டுக்குப் போவார், அப்போது கிளம்பிவிடுகிறேன் என்றாள்.

அதன் பிறகு கம்பெனிக்கு போன் செய்து, அந்தப் பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது, கொடுக்காமல் நிறுத்துங்கள் என்றேன். விசாரித்துவிட்டுத் திரும்ப அழைப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் அழைத்தபோது நான் கடையில் இல்லை. பெட்டியை நிறுத்திவிட்டார்கள் என்று என் கணவர் சொன்னார். நான் நம்பினேன்.

பெட்டி வெள்ளிக்கிழமை செல்வின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டாக்களும் அதிலேயே இருந்தன என்று அதிகாரி சொல்லித்தான் தெரியும். வேலை முடிந்து எலிசா வீட்டுக்குள் நுழைந்தபோது செல்வின் அவளைச் சுட்டார்.

சுந்தர்சிங் தன் மகளை விமானத்தில் ஹூஸ்டனுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார். கல்லறைத் தோட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "உன் கடைப் பெட்டிதானே அம்மா" என்றார். அதற்கு அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல் முன்னால் நின்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எங்கள் வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அழுதுகொண்டே ஒன்றைச் சொன்னார். கம்பெனியிலிருந்து அழைத்தபோது, என் மனைவி வேறு பெட்டியை நினைத்துக் குழம்பிவிட்டாள், அதில் பாத்திரம்தான் இருக்கிறது, அனுப்புங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அங்கிள் மாட்டிக்கொள்வார் என்று பயந்தாராம்.

மேலே உள்ளதைத் திரு. சந்தானம் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். கடைசிப் பகுதிக்கு வந்ததும் நிறுத்தி, "அக்கா, மச்சான் சொன்னது இருக்கட்டுமா? யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நான் சொன்னது அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) கி. ஞானம்
ஹூஸ்டன், அக்டோபர் 1987