கிடார் கழுத்துக்கு வேங்கை

வலது தோள்பட்டை எனக்கு மழைக்கு முன்னாலேயே வலிக்கத் தொடங்கிவிடும். இழைப்புளி தள்ளித் தேய்ந்த தச்சன் தோள். கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து சொல்கிறேன், ஐயா. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உடையப்பன் வீட்டுக் கூரை மழையில் விழுந்தது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். கூடவே, தச்சு வேலை சரியில்லை என்றும் ஒரு வரி. மழையை விடுங்கள். அந்த இரண்டாவது வரியை அடிக்கச் சொல்லத்தான் வந்தேன்.

சூர்யபிரகாஷ் சென்னையில் பேஸ் கிடார் வாசிக்கிறவன். அப்பா துபாயில் வேகிறார். மகன் குடுமியான்மலை இசைக் கல்வெட்டு முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டு, நேரே திருவரங்குளத்தில் என் பட்டறைக்கு வந்தான். ஃப்ரெட் இல்லாத கிடார் வேண்டுமாம். மற்ற கிடாரில் கழுத்தின் குறுக்கே உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். இதில் கிடையாது; தடித்த கம்பி வெறும் மரத்தில்தான் உரசும்.

"மரந்தாண்ணே பாடணும். மண்ணு வாசனை வரணும்" என்றான்.

மண் வெட்டிப் பிழைத்த வீட்டில் பிறந்தவன் நான். அதில் என்ன வாசனை வரும் என்று அவனுக்குச் சொல்லவில்லை.

ஆனால் அடுத்து ஒன்று கேட்டான்: "எந்த மரம் போடலாம், நீங்களே சொல்லுங்க." அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆட்டுக்கொட்டகைக்குக் கால் நடுகிறவனிடம் யார் அபிப்பிராயம் கேட்பார்கள்?

கம்பி நாலும் சேர்ந்து கழுத்தை இழுக்கும். அதனால் கழுத்துக்கு நேர் ரேகை ஓடுகிற, பல காலம் காய்ந்த மரம் வேண்டும். விரல் ஓடும் பலகைக்குக் கருங்காலி. மெதுமரம் போட்டால் கம்பி வாய்க்கால் வெட்டிவிடும். அறுப்பு மில்லில் எல்லாம் ஈரம். தைலமரத்தை நான் திரும்பியும் பார்க்கவில்லை. பச்சையில் ஒழுங்காக நிற்கும், காயக் காய முறுக்கி வெடிக்கும். ஒரு கிடாருக்கு அந்தத் துரோகம் செய்ய எனக்கு மனசு வராது.

உடையப்பன் தைலமரக் காட்டில் வெட்டுக் கூலி. ஓடு மாற்ற என்னைக் கூப்பிட்டான். மேலே ஏறினால் வேங்கை உத்திரம். பல காலம் காய்ந்த மரம். சுத்தியலால் தட்டினேன், கோயில் மணி மாதிரி கணீரென்றது.

கீழே இருந்து உடையப்பன் கேட்டான்: "சத்தம் நல்லாத்தானண்ணே வருது?"

"கணீர்னு வந்தா உள்ள கூடுன்னு அர்த்தம்ப்பா. கரையான் தின்னுருச்சு."

"அடப் பாவமே. தெரியாம அதுக்குக் கீழதான் படுத்துக் கெடக்கேன்."

உத்திரத்தை இறக்கிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, பச்சைத் தைலமரம் ஒன்றை ஏற்றினேன். "ஈரமா இருக்கேண்ணே?" என்றான். மேலே காற்றில் காய்ந்துவிடும் என்றேன். வெட்டி லாரியில் ஏற்றுவதோடு அவன் வேலை முடிந்துவிடும். காய்ந்த பிறகு அது படுத்துகிற பாட்டை அவன் பார்த்ததில்லை. கூலி வேண்டாம், மூலையில் கிடக்கிற கருங்காலி உலக்கை போதும் என்றேன். அவன் பெண்டாட்டி சொர்ணவல்லி சிரித்தாள். "எடுத்துட்டுப் போங்கண்ணே. மில்லுல அரைக்கிற காலத்துல அதுக்கு இங்க என்ன சோலி?"

ஐப்பசியில் அவளே பட்டறைக்கு வந்தாள். "ஓடு நகருதுண்ணே. மரம் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது. ஒரு எட்டு வந்து பாருங்க."

ஒரு முட்டுக் கொடுத்திருந்தால் போதும். கழுத்தின் மேல் கருங்காலிப் பலகையை அப்போதுதான் ஒட்டி, கிளாம்ப் இறுக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் பலகை நகர்ந்துவிடும். "புது மரம் அப்படித்தாம்மா உக்காரும். பயப்படாதே" என்று அனுப்பினேன். கிளாம்ப் இறுக்கின பிறகு சும்மாதான் இருந்தேன். ஆனால் ஏறிப் பார்த்தால் எந்த மரம், எதற்கு மாற்றினேன் என்று பேச வேண்டி வரும்.

மறுநாள் காட்டிலிருந்து வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தான் உடையப்பன். ஊறிய ஓடும் உத்திரமும் அவன் மேல் இறங்கின. சொர்ணவல்லி குழாயடியில் நின்றதால் தப்பினாள். பாடைக்கு மூங்கில் நான்தான் வெட்டிக் கொடுத்தேன். பச்சை மூங்கில்தான். ஒரு பொழுது வேலைக்கு அது போதும்.

நீங்களே போய்ப் பாருங்கள், ஐயா. நான் வெட்டிய பொருத்து ஒன்றுகூட விடவில்லை. மரம்தான் வெடித்திருக்கிறது. வெடிக்கும் என்று தெரிந்துதான் வைத்தேன். என் வேலையில் குறை எங்கே இருக்கிறது? கிடார் கழுத்து இன்றைக்கும் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது.

கணக்குப் பார்த்தால் உடையப்பனுக்கு நான் தர வேண்டிய பாக்கி ஒன்றே ஒன்றுதான்: ஒரு வேங்கை உத்திரம்.