நாலு வரி மௌனம்

— அது இல்ல. கீழ வாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க.

— 'தன் பாடல்களைத் தானே எழுதி மேடையேறும் இவருக்குத் தாளம் இன்னும் தூரத்து உறவுதான்.'

— அதை அந்த விமர்சகர் போன தடவையே எழுதிட்டார். எனக்கும் தாளத்துக்கும் சம்பந்தம் பேசி வைக்காம விட மாட்டார் போல. கடைசிப் பாட்டுக்கு வாங்க.

— பாட்டுக்காரி, பேப்பரை நீயே படியேன். நான் ஒயரை எல்லாம் சுத்தணும், மத்தியானத்துக்குள்ள ஹாலைக் காலி பண்ணச் சொல்லியிருக்காங்க. ஆமா, அந்தச் சிவப்புப் பெட்டி எதுக்கு? கச்சேரிதான் நேத்தே முடிஞ்சுதே.

— அது இருக்கட்டும். நீங்க படிங்க.

— 'இறுதி நாலு வரிகளில் கிட்டார் மட்டும் ஒலித்தது. உதடுகள் அசைந்தன, குரல் இல்லை. அரங்கமே மூச்சை அடக்கியது.' போதுமா?

— இன்னொரு பேப்பர்க்காரர் என்ன எழுதியிருக்கார்?

— 'மௌனத்தையே இசையாக்கியவர்.' நாலு ஸ்டார்.

— போன வருஷம் என் தொண்டையைத் துருப்பிடிச்ச கதவுன்னு எழுதின மகான்தானே? தொண்டையே வேணாம்னதும் நாலு ஸ்டார். அடுத்த கச்சேரிக்கு நான் வராம இருந்தா அஞ்சு குடுத்துடுவார்.

— சந்தோஷப்படேன். இத்தனை வருஷத்துல உனக்கு யாரு நாலு குடுத்தா?

— சந்தோஷம்தான் சாமி. ஒரு சின்ன சந்தேகம். நான் அந்த நாலு வரியையும் பாடினேனே. என் காதுல கேட்டுச்சே.

— நீ காதுல மாட்டியிருந்தது தனி லைன். உனக்குக் கேக்கறது வேற, சனத்துக்குப் போறது வேற. டெக்னிக்கலா பாத்தா...

— டெக்னிக்கலா என்ன ஆச்சு, சவுண்டுக்காரரே?

— மைக் ஒயர் லூஸ்.

— நாலு வரிக்கு மட்டும் லூஸாகி, 'நன்றி, வணக்கம்' சொல்றப்ப டைட் ஆயிடுச்சு. ரொம்ப ஒழுக்கமான ஒயர். அது லூஸானா என் காதுலயும் சத்தம் போயிருக்குமே. நீங்க சொல்லிக்குடுத்ததுதான். சனத்துக்கு மட்டும் நிக்கணும்னா யாராவது பட்டனை அமுக்கணும்.

— ஆமா. அமுக்கினேன். இப்ப என்ன?

— ஏன்னு கேக்கலாமா?

— ஏனா? என் பொண்டாட்டி முன்னூறு பேருக்கு முன்னால என்னை விட்டுட்டுப் போறேன்னு பாடுவா, நான் உட்கார்ந்து வால்யூம் ஏத்தணுமா? எங்கம்மா மூணாவது வரிசையில இருந்தாங்க.

— யார் சொன்னா, விட்டுட்டுப் போறேன்னு?

— ஒத்திகையில கேட்டேனே. 'துணியை மடிச்சுப் பெட்டியில வெச்சேன், சாவியைக் கழட்டி மேசையில வெச்சேன்.' அதுக்கு மேல நிக்க முடியல. வெளிய போயிட்டேன்.

— அது ரெண்டு வரி. நீங்க அமுக்கினது நாலு.

— மிச்சம் என்ன, டாக்ஸி வந்துச்சு, ஏறிப் போனேனா?

— 'வாசலைத் தாண்டறப்ப உள்ள நீ என் பாட்டைத் தப்பா முணுமுணுத்தே. திருத்திட்டுப் போலாம்னு வந்தேன், பெட்டியைப் பிரிச்சு வெச்சேன்.'

— ...நிஜமாவா?

— போன மாசம் நடந்தது. வீட்ல உங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. மேடையில வந்துச்சு. உங்களுக்கும் கேக்கும்னு நம்பிப் பாடினேன்.

— தப்புதாம்மா. மகா தப்பு. இரு, மைக்கை ஆன் பண்றேன். இன்னொரு தடவை பாடு. எனக்காக.

— எதுக்கு? மௌனம்தான் நல்லா இருக்குன்னு ஊரே எழுதிடுச்சே. நீங்க ஒயரைச் சுத்துங்க. காலையில பேப்பரைப் படிச்சதுமே பெட்டியை மறுபடி அடுக்கிட்டேன்.

— ஏய். இரு. எங்க போறே?

— ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. நான் அந்த வாசலைத் தாண்டற வரைக்கும் எதையும் முணுமுணுக்காம இருங்க.