காந்தக்கையன் மீது ஐம்பதாவது புகார்

—...அதைத்தான் சொல்றேன். படம் ரொம்ப மோசம். எழுதிக்கிட்டீங்களா?

—எழுதிட்டேம்மா. 'ரொம்ப மோசம்.' ஆனா எந்தப் படம்னு நீங்க இன்னும் சொல்லல.

—போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க தொலைக்காட்சியில போட்டீங்களே, காந்தக்கையன். அந்தக் காலத்துக் கார்ட்டூன்.

—ஓ... அதுவா.

—என்ன 'அதுவா'? ஏற்கனவே யாராவது சொல்லிட்டாங்களா?

—இல்லல்ல, நீங்க சொல்லுங்க. புகார்ப் பிரிவுன்னா கேக்கறதுதான் என் வேலை. எந்த வகைப் புகார்? ஆபாசம், வன்முறை, மூடநம்பிக்கை...

—ஆபாசமா? அந்தப் படத்துலயா? அதுல வர்றது ஒரே ஒரு பொம்பள. அவளும் மயக்கம் போட்டு விழறதுக்கே நேரம் பத்தாம இருக்கா.

—எத்தனை தடவை விழறாங்க?

—ஒன்பது. அதுல ரெண்டு தடவை யாரும் பயமுறுத்தாமலே விழறா.

—'பெண் பாத்திரம் காரணமின்றி மயக்கம்.' இதைக் 'காலத்துக்கு ஒவ்வாதவை'ங்கற கட்டத்துல போடறேன். வேற?

—அவன் பறக்கறப்போ பின்னால ஒரே மரமும் ஒரே மாடி வீடும் வந்து வந்து போகுது. உலகத்தைச் சுத்துறானா, அந்த வீட்டைச் சுத்துறானான்னே தெரியல.

—அது... கையால வரைஞ்ச காலம்மா. ஒரு படத்தையே திரும்பத் திரும்ப ஓட்டுவாங்க.

—நீங்க படத்துக்கு வக்காலத்தா, புகாருக்கா?

—புகாருக்குத்தாம்மா. மேல சொல்லுங்க.

—பாதிப் படம் வரைக்கும் சிவப்பு ஜட்டி போட்டிருக்கான். பாலம் இடிஞ்சதுக்கு அப்புறம் பச்சை. எப்ப மாத்தினான்? எங்க வெச்சு மாத்தினான்?

—'உடை மாற்றம் விளக்கப்படவில்லை.'

—ரெண்டு நாட்டுப் பட்டாளம் வருது. ஒரு பட்டாளத்துக்கு மீசை மேல பாக்குது, இன்னொண்ணுக்குக் கீழ பாக்குது. அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணு மூக்கெல்லாம் ஒரே அச்சு.

—சண்டை எதுக்குன்னாவது சொல்றாங்களா?

—எங்க? ரெண்டு தளபதியும் கடைசில ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கறாங்க. ரெண்டு பேருக்குமே மறந்துபோச்சு.

—அப்பதானே அந்தப் பேச்சு வரும்?

—பதினோரு நிமிஷம் தம்பி. துப்பாக்கி, பீரங்கின்னு அத்தனையும் உள்ளங்கையால இழுத்து ஒட்ட வெச்சுக்கிட்டு, ஆகாயத்துல நின்னு பதினோரு நிமிஷம் பேசறான். ஏற்கனவே சுட்ட ஒரு குண்டு பாதி வழியில தொங்கிக்கிட்டு, பேச்சு முடியட்டும்னு காத்திருக்கு.

—ஹ... மன்னிச்சுக்குங்க. சிரிக்கக் கூடாது. என்ன பேசறான்? ஒரு வரி எழுதிக்கிட்டா புகார் பலமா இருக்கும்.

—'அண்ணன்மாரே, உங்க ஒவ்வொருத்தருக்கும் எங்கயோ ஒரு வீட்டுல சாப்பாடு மூடி வெச்சிருக்கு. நீங்க இங்க நிக்க நிக்க அது ஆறிக்கிட்டே இருக்கு. போய்ச் சாப்பிடுங்க...'

—அம்மா? லைன்ல இருக்கீங்களா?

—இருக்கேன், இருக்கேன். எழுதுங்க. சண்டை வேணாம்னு சொல்றதெல்லாம் இந்தக் காலத்துக்கு ஆகுமா? அரதப்பழசு.

—அதுக்குத் தனிக் கட்டமே இருக்கும்மா. 'ஊக்கம் குறைத்தல்.' போன மாசம்தான் திறந்தாங்க.

—மயக்கம், மீசை, ஜட்டி எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு கட்டம், இதுக்கு மட்டும் தனியா ஒண்ணா?

—மேலிடத்து உத்தரவு. ஒரு சந்தேகம்மா, தப்பா நினைக்காதீங்க. பிடிக்காத படத்தை இவ்வளவு வரி விடாம ஞாபகம் வெச்சிருக்கீங்களே...

—பையன் சின்ன வயசுல ஓயாம பாப்பான். வேற வழியில்லாம காதுல விழுந்தது. அதை விடுங்க, புகார் கொடுத்தா என்ன பண்ணுவீங்க? தடை பண்ணிடுவீங்களா?

—உடனே பண்ண முடியாதும்மா. விதி இருக்கு. வெவ்வேற ஐம்பது வீட்டுல இருந்து புகார் வரணும். வந்தா, வர்ற ஞாயித்துக்கிழமை அதே படத்தை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒருதடவை திரும்பப் போட்டு, எல்லாரும் பாத்துக் கருத்துச் சொன்னதுக்கு அப்புறம்தான் தடை.

—அதாவது... கெட்ட படம்னு முடிவு பண்றதுக்கு எல்லாருக்கும் இன்னொரு தடவை போட்டுக் காட்டுவீங்க.

—விதிய நான் எழுதலம்மா.

—நான் குத்தம் சொல்லல. வர்ற ஞாயிறுன்னா... நாளன்னிக்கு வர்ற ஞாயிறா, அதுக்கு அடுத்ததா?

—இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஐம்பது சேர்ந்தா நாளன்னிக்கே. தாண்டினா அடுத்த வாரம்.

—அடுத்த வாரம் ஆகாது தம்பி.

—ஏம்மா? திங்கக்கிழமை ஏதாவது...

—சீனி ரெண்டு கிலோ.

—என்னம்மா?

—சோப்பு நாலு. துணிக்குப் போடறது. ஆமா, நீலக் கட்டி.

—அம்மா, இது தொலைக்காட்சி நிலையம். நீங்க...

—தெரியுது தெரியுது. தீப்பெட்டி ஒரு பண்டல். என்னங்க, மளிகைக் கடைங்க. உங்களுக்கு ஷேவிங் பிளேடு சொல்லட்டுமா? ...ஒரு பாக்கெட் பிளேடும் போடுங்க.

—...சரிம்மா. பிளேடு ஒண்ணு. வேற ஏதாவது?

—அவ்வளவுதான். ...போயிட்டார். தம்பி, வெச்சிட்டீங்களா?

—இல்லம்மா. சீனி ரெண்டு கிலோன்னு நிஜமாவே எழுதிட்டேன், இப்பதான் அடிக்கிறேன். வீட்டுக்காரருக்குத் தெரியாமத்தான் கூப்பிடறீங்களா?

—தெரிஞ்சா வீடு ரெண்டாகிடும். தம்பி, உங்க பக்கத்துல யாரும் இருக்காங்களா?

—மேலதிகாரி டீ குடிக்கப் போயிருக்கார். சொல்லுங்க.

—என் பையன் பட்டாளத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டான். திங்கக்கிழமை ரயில். ஏறுற வரைக்கும் மனசை மாத்திக்கலாமாம். ஏறிட்டா அஞ்சு வருஷம். எனக்கு இருக்கறது ஒருத்தன். பத்தொன்பது வயசு. கரப்பான் பூச்சியைக்கூட அட்டையில தள்ளி வெளிய விட்டுட்டு வருவான். அவன் போய் யாரைச் சுடப் போறான்?

—அவர் ஆசைப்பட்டுத்தான் போறாரா?

—யாருக்குத் தெரியும்? ஒரு நாள் அப்பாவோட வெளிய போனான், கையெழுத்துப் போட்டுட்டு வந்தான். கேட்டா 'எல்லாம் சரிதாம்மா'ங்கறான். அப்பன் வைராக்கியம் அப்படியே இருக்கு. இவர் இருக்காரே, சீருடை வர்றதுக்குள்ள ஸ்டூடியோவுல வாடகைச் சீருடை மாட்டிப் படம் எடுத்துக் கூடத்துல தொங்க விட்டுட்டார். தோள்பட்டை ரெண்டு விரக்கடை பெருசு. போறவன் வர்றவனை எல்லாம் கூப்பிட்டுக் காட்டறார்.

—சரி... படத்துக்கும் இதுக்கும்...

—போன ஞாயித்துக்கிழமை உங்க படம் வந்துச்சா. பையன் வந்து தரையில சப்பணம் போட்டு உக்காந்தான். அந்த மரம் வர்றப்போ எல்லாம் சின்னப் பிள்ளையில எண்ணின மாதிரியே எண்ணறான். சிரிக்கிறான் தம்பி. ரெண்டு மாசமா சிரிக்காதவன். சரி, அந்தப் பேச்சு வரட்டும், அது என்னவோ செய்யும்னு நான் அடுப்பை அணைச்சுட்டு வந்து நிக்கறேன். ரெண்டு தளபதியும் முழிக்கறாங்க. காந்தக்கையன் வாயைத் திறக்கறான். இவர் எழுந்து போய்ப் பெட்டியை அணைச்சுட்டார்.

—அடடா.

—'பட்டாளத்துக்குப் போறவன் பாக்கற படமா இது, அந்தக் காலத்துக் கோழைங்க எடுத்தது'ன்னுட்டு. பையன் ஒண்ணும் பேசல. எழுந்து போய்ப் படுத்துட்டான். நான் சொன்னா அழறேன்னு நினைக்கறான். அந்தப் பதினோரு நிமிஷத்தை அவன் கேட்டா போதும். அதான் தம்பி.

—'ரசிகர் விருப்பம்' பிரிவுக்குக் கூப்பிட்டு, வேணும்னு கேட்டிருக்கலாமே.

—நேத்து கூப்பிட்டேன். அதை மூடி நாலு வருஷமாச்சாம். அந்த நம்பர்ல இப்ப ஃபோன் எடுக்கற பொண்ணுதான் சொன்னா, 'புகழ்ந்தா ஒருத்தரும் காதுல போட்டுக்க மாட்டாங்க, திட்டிப் பாருங்க அக்கா'ன்னு.

—நினைச்சேன். இந்த வாரம் காந்தக்கையனைத் திட்டினவங்க எல்லாருமே உங்களை மாதிரித்தான் திட்டினாங்க. ஒரு அம்மா 'கேடுகெட்ட படம்'னு சொல்லிட்டு, பாட்டையும் பாடிக் காட்டினாங்க.

—எத்தனை வந்திருக்கு?

—நாற்பத்தொன்பது. ஒண்ணே ஒண்ணுதான் ஆம்பளைக் குரல். மிச்சமெல்லாம் அம்மாக்கள்.

—அப்ப நான்தான் ஐம்பதா? தம்பி, என் வயித்துல பாலை வார்த்தீங்க. சீக்கிரம் எழுதுங்க.

—எழுதறேன். பேர் வேணாம், விலாசம் மட்டும் போதும்.

—பழைய மில் குடியிருப்பு, மூணாவது வரிசை, பதினேழு.

—பழைய மில்... மூணாவது... பதினேழு. பதினேழா?

—ஆமா. வாசல்ல பச்சைக் கேட்டு.

—ஒரு நிமிஷம்மா. பேரேட்டைப் புரட்டிக்கறேன்... அம்மா, இந்த வீட்டுல இருந்து புதன்கிழமையே ஒரு புகார் வந்திருக்கு.

—எங்க வீட்டுல இருந்தா? இருக்காது. சரியாப் பாருங்க.

—பாத்துட்டேன். என் கையெழுத்துதான். ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான் கணக்கு. உங்களுது சேராதும்மா.

—யார் கொடுத்தது?

—அதைச் சொல்லக் கூடாது.

—தம்பி, உங்ககிட்ட வந்த ஒரே ஆம்பளைக் குரல்... அதுவா?

—...

—சொல்ல வேணாம். புரிஞ்சுபோச்சு. அட கடவுளே. இந்த மனுஷனா? தெருவெல்லாம் மார் தட்டிட்டு, பெட்டியையும் அணைச்சுட்டு, எனக்குத் தெரியாம... புதன்கிழமை செருப்பு தைக்கப் போறேன்னு ஒரு மணி நேரம் காணோம். செருப்பு பிஞ்சது பிஞ்சபடியே திரும்பி வந்துச்சு. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்.

—அம்மா, அது வந்து...

—எனக்குக் கோவம் இல்ல தம்பி. ஆனா ஐம்பது சேரலையே. மணி என்ன?

—நாலே கால்.

—பக்கத்து வீட்டுல சொன்னா இவர் காதுக்குப் போயிடும். அக்காவுக்கு இந்த ஊரே இல்ல. அந்தப் பதினோரு நிமிஷத்துக்கு ஒரு வீடு கிடைக்கல பாத்தீங்களா...

—ஒரு வீடு இருக்கும்மா.

—எது?

—எங்க வீடு. நிலையத்துல வேலை பாக்கறவங்க புகார் கொடுக்கக் கூடாது. ஆனா என் பொண்டாட்டி இங்க வேலை பாக்கல. இப்பக் கூப்பிட்டா மூச்சு விடாம திட்டித் தருவா, என்னைத் திட்டின பழக்கம்.

—உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?

—மேலதிகாரி பேரேட்டைப் பாத்தா கேப்பார். 'என்னய்யா, உங்க வீட்டுலயுமா'ம்பார். எங்க பையன் எட்டாவது படிக்கிறான்மா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பத்தொன்பது ஆகிடும்... வர்றார் வர்றார். ஆமாம்மா! நீங்க சொல்றது நியாயம்தான், இந்த மாதிரிப் படத்தை எல்லாம் தடை பண்ணணும்! கண்டிப்பா நடவடிக்கை எடுக்கறோம்!

—...போயிட்டாரா?

—உள்ள போயிட்டார். ஞாயித்துக்கிழமை ஆறு மணி. பெட்டிகிட்டயே உக்காந்துக்குங்க.

—எதுக்கு? இனிமே இவர் எங்க அணைக்கப் போறார்? கேட்டதே அவராச்சே. பாவம், ஒரு வாரமா நான் முகம் கொடுத்தே பேசல, சாப்பாட்டைக்கூட டொக்குனு வெச்சேன். இன்னிக்கு நல்லா சமைச்சுப் போடறேன். ஞாயித்துக்கிழமை ஒண்ணும் தெரியாத மாதிரி அவரையே பெட்டியைப் போட விட்டுட்டு, நான் உள்ள போய் உக்காந்துக்கறேன். வெச்சிடட்டுமா?

—வெச்சிடாதீங்க. அம்மா... அவரை நம்பி உள்ள போனீங்கன்னா மறுபடியும் அணைச்சுடுவார்.

—ஏன் அணைக்கறார்?

—புதன்கிழமை கூப்பிட்டது உங்க வீட்டுக்காரர் இல்லம்மா. 'திங்கக்கிழமை எனக்கு ரயில் சார், எங்க அப்பாகிட்ட என்னால வாயைத் திறந்து சொல்ல முடியல, அந்தக் காந்தக்கையனாவது சொல்லட்டும், அதுக்குள்ள ஒருதடவை போடுங்க'ன்னு கேட்டாரு.