மண்ணின் போர்வை

ஹவுகெட்டோவில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் என் முன் இருக்கையில் இருந்தார்கள். வெளியே பனி உருகிக்கொண்டிருந்தது.

"கீழறை அத்திவாரத்து மண்ணுக்குக் குளிர் படாமப் போர்த்தின பாயை இழுத்துச் சனத்தின்ரை காலுக்குக் கீழை விரிச்ச ஆள், ஒஸ்லோவிலை நீங்கள் ஒராள்தான்," என்றாள் அவள்.

"பிள்ளையின்ரை சாமத்தியச் சடங்கு. முத்தத்திலை போட்ட கூடாரத்துக்கை கால் விறைக்குது எண்டு சனம் சொல்லிச்சுது. ஒரு இரவுதானே எண்டு நினைச்சன்."

"களிமண்ணிலை சுண்ணாம்பு கலந்திருக்கு, இறுகுமட்டும் குளிர் படக்கூடாது எண்டு வேலை செய்தவங்கள் படிச்சுப் படிச்சுச் சொன்னவங்கள்."

"ஓம். அண்டிரவே உறைஞ்சிட்டுது. இப்ப கூழ் மாதிரிக் கிடக்கு. கிண்டி எடுத்துத் திரும்பக் கலக்கவேணும். அதுக்குக் கோடை வரவேணுமாம்."



"உங்கடை அண்ணை இண்டைக்கும் கேப்பார், தனக்குக் கட்டுற கீழறை முடிஞ்சுதோ எண்டு. கால் எடுத்த மனுசன், எங்கடை மாடிப்படி ஏறுவாரோ?"

"மண் இன்னும் இறுகேல்லை எண்டு சொல்லுவம்."

"போன கிழமையும் அதைத்தான் சொன்னனாங்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டார்."

முதியோர் பராமரிப்பு இல்லத்தடியில் பஸ் நின்றது. அவள் சாப்பாட்டுப் பையுடன் எழுந்தாள். அவர் எழவில்லை.

"நீ போ," என்றார்.