பொட்டு வைத்த டிஸ்க்

விளாத்திகுளம் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, மடியில் மஞ்சப்பையோடு பக்கத்து வத்தல் வியாபாரியிடம் சொன்னார்:

"கம்ப்யூட்டர்ல இருந்த ஆர்டர், லேபிள் எல்லாம் ஆயுத பூஜையில போச்சு அண்ணாச்சி."

"களவா?"

"வைரஸ். பணங்கேட்டு மொத்தமாப் பூட்டிட்டானுவ. வேலைக்கு வந்த பொம்பளையளத் திருப்பி அனுப்புனோம்."

"காப்பி எடுத்து வைக்கலியா?"

"டிஸ்க்குல எடுத்து வீட்டுலதான் வச்சிருந்தோம். பூஜைக்குக் கொண்டாந்து பொட்டு வச்சோம். சாமி முன்னால டிஸ்க்கு லைட் எரியட்டும்னு கம்ப்யூட்டர்ல சொருகிட்டு லீவுக்குப் போயிட்டோம். அதையும் சேத்துப் பூட்டிட்டானுவ."

வியாபாரி மஞ்சப்பையைப் பார்த்தார்.

"பைக்குள்ள?"

"புது டிஸ்க்கு. மறுபடி டைப் அடிச்சதெல்லாம் இதுல இருக்கு. நாகலாபுரத்துல தங்கச்சி வீட்டுல வைக்கப் போறேன்."

"அடுத்த பூஜைக்கு எடுத்துட்டு வருவியளா?"

"இது வராது அண்ணாச்சி. நாங்கதான் அங்க போய்க் கும்பிடணும்."